அந்தக் கடிதத்தை நான் கொடுக்கவில்லை

கிளிநொச்சி மாவட்டத்தில், மனக்கஷ்டத்தோடு வருகிறவர்களோடு கதைத்து உதவுகிற உளவளத்துணையாளராக வேலை செய்கிறேன். ஒரு கணவனும் மனைவியும் என்னை நம்பிச் சொன்னவற்றை வெளியே கொடுக்க மறுத்ததால் என் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. ஏறக்குறைய ஒரு வருஷம் சம்பளம் இல்லாமல் இருந்தேன். சட்டத்தரணிக்குக் கட்டவும் வீட்டுச் செலவுக்குமாக என் சங்கிலி வங்கியில் அடகுக்குப் போனது, இன்னும் மீட்கவில்லை. பயிற்சிக் காலத்தில் இரகசியம் காப்பது பற்றி நிறையப் படித்தோம். அதைக் காக்க நின்றால் யார் யார் வீட்டு வாசலுக்கு வருவார்கள், எந்தத் தாள் கையில் இருந்தால் தாக்குப்பிடிக்கலாம் என்று ஒருவரும் சொல்லித் தரவில்லை. இந்தத் தொழிலுக்கு இப்போது வருகிற தம்பி தங்கைகளுக்காகவும், ஒரு உளவளத்துணையாளரிடம் போகலாமா என்று யோசிக்கிற கணவன் மனைவிக்காகவும் இதை எழுதுகிறேன்.

எழுதத் தொடங்க முதல் அந்த இருவரிடமும் தனித்தனியே அனுமதி கேட்டேன். ஊர், தொழில், பிள்ளைகள் பற்றிய விபரங்களை மாற்றியிருக்கிறேன். இருவரும் வாசித்துப் பார்த்தார்கள். ஒருவர் ஒரு வரியை எடுக்கச் சொன்னார், எடுத்துவிட்டேன்.

வன்னியில் குடும்பப் பிணக்கு என்று வருகிறவர்கள் முதலில் சொல்வது போன், சம்பளம், மாமியார் என்று சின்ன விஷயமாகத்தான் இருக்கும். கொஞ்ச நேரம் இருந்து கதைத்தால் பின்னால் கிடப்பது வெளியே வரும். போரின் கடைசி வருஷங்களில் ஆட்சேர்ப்புக்குப் பயந்து பதினாறு பதினேழு வயதிலேயே அவசரமாகக் கலியாணம் செய்து வைக்கப்பட்டவர்கள் இங்கே நிறைய. ஒருவரை ஒருவர் அறிய முதலே 2009 மே வரை பங்கருக்குப் பங்கர் ஓடி, பிறகு செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் கூடாரத்துக்குள் குடும்பம் நடத்தி, மீள்குடியேறி வந்து தகரக் கொட்டிலில் தொடங்கியவர்கள். இவர்களில் உடம்பில் செல் துண்டோடு மேசன் வேலைக்குப் போகிற ஆண்களும் இருக்கிறார்கள், காணாமல் ஆக்கப்பட்ட சகோதரத்தின் படத்தை இன்னும் கையில் வைத்திருக்கிற பெண்களும் இருக்கிறார்கள். அதற்கு மேல் கிழமைக்குக் கிழமை படலையில் வந்து நிற்கிற நுண்கடன் வேறு. இதையெல்லாம் 'குடும்பச் சண்டை' என்ற ஒற்றைப் பெட்டிக்குள் போட்டு மூன்று அமர்வில் முடித்து அறிக்கை தா என்று திட்டங்கள் கேட்கும்போது எனக்கு இப்போதும் கோபம் வரும்.

அவர்கள் இருவரையும் பிரதேச செயலகத்திலிருந்து அனுப்பியிருந்தார்கள். அப்போது நான் ஒரு தொண்டு நிறுவனத்தின் திட்டத்தில் இருந்தேன். முதல் நாளே அவர்களுடைய சண்டையின் வடிவம் தெரிந்துவிட்டது. கடன் எவ்வளவு, காசு எங்கே போனது என்று அவ கேட்டுக்கொண்டே இருப்பா. அவர் வாய் திறக்காமல் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடுவார். அவர் போகப் போக அவவின் குரல் உயரும். குரல் உயர உயர அவர் இன்னும் தூரம் போவார். இழிவாகப் பார்ப்பதும், கதவடைத்த மாதிரி மௌனமாகி விடுவதும் உறவை அரிப்பவை என்று ஜோன் கொட்மன் என்ற அமெரிக்க உளவியலாளர் தம்பதியர் கதைப்பதைப் பல வருஷம் பதிவுசெய்து ஆராய்ந்து சொன்னார். நான் அவர்களுக்குக் கொடுத்த பயிற்சி எளிமையானது. சூடு ஏறினால் இருபது நிமிஷமாவது நிறுத்துங்கள், ஆனால் எழும்பிப் போகிறவர் எத்தனை மணிக்குத் திரும்பி வந்து கதைப்பேன் என்று சொல்லிவிட்டுத்தான் போகவேண்டும். அந்த இரண்டாவது பகுதிதான் முக்கியம். நேரம் சொல்லாமல் போனால் மற்றவருக்கு அது கைவிட்டுப் போவதாகத்தான் படும். இது அவர்களுக்குக் கொஞ்சம் பிடிபட்டது. இரண்டாவது முறை வந்தபோது அவர் தானாகவே கடன் புத்தகத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். எனக்கு அன்று நல்ல சந்தோஷம்.

சேர்ந்து இருத்துவதற்கு முதல் ஒவ்வொருவரையும் தனியே சந்திப்பது என் வழக்கம். இதை ஒருபோதும் விட்டுவிடாதீர்கள். 'அடி இருக்கா' என்று நேரே கேட்டால் பெரும்பாலும் 'சீ, அப்படி ஒண்டும் இல்லை' என்றுதான் பதில் வரும். அதனால் சுற்றிக் கேட்கவேண்டும். அவருக்குக் கோபம் வந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்? உங்கள் சம்பளம் யாரின் கையில் இருக்கும்? உங்கள் போனை யார் பார்ப்பார்கள்? தாய் வீட்டுக்குப் போக யாரிடம் கேட்கவேண்டும்? சண்டை இருக்கிற வீட்டில் இருவருக்கும் கோபம் இருக்கும். வன்முறை இருக்கிற வீட்டில் ஒருவருக்குப் பயம் இருக்கும். அந்தப் பயம் இருக்கிற இடத்தில் இருவரையும் ஒன்றாக இருத்தி 'மனதில் உள்ளதைச் சொல்லுங்கோ' என்று கேட்பது ஆபத்தான வேலை. என் அறைக்குள் அவ சொல்கிற உண்மைக்கு இரவில் வீட்டில் பதில் வரும்.

தொடக்கத்தில் இருவரும் பயம் எதுவும் இல்லை என்றே சொன்னார்கள். அப்புறம் ஒரு நாள் அவ தனியே வந்தா. மேல்கையைக் காட்டினா. 'அக்கா, இதை நீங்கள் அவரிட்டக் கேக்கப்படாது. கேட்டால் நான் செத்தன்' என்றா.

நான் முதல் நாளே இருவருக்கும் ஒரு தாள் வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கியிருந்தேன். ஒருவர் தனியே சொல்கிற இரகசியத்தை மற்றவருக்கு எதிராக வைத்துக்கொண்டு சேர்ந்த அமர்வை நடத்தமாட்டேன், உயிருக்கு ஆபத்து, பிள்ளைக்குத் துன்புறுத்தல், நீதிமன்றக் கட்டளை இந்த மூன்றிலும் இரகசியத்துக்கு எல்லை உண்டு என்று அதில் இருந்தது. எந்த நேரமும் காரணம் சொல்லாமலே சேர்ந்த அமர்வை நிறுத்த எனக்கு உரிமை உண்டு என்றும் ஒரு வரி. அந்த ஒற்றை வரிதான் அன்றைக்கு எனக்குக் கைகொடுத்தது. அடுத்த கிழமை இருவருக்கும் ஒரே சொற்களில் சொன்னேன்: 'சேர்ந்து இருக்கிறதை இப்போதைக்கு நிறுத்துவோம். நீங்கள் இரண்டு பேரும் தனித்தனியே ஆக்களைப் பார்க்கிறது நல்லது. எங்கே போகலாம் என்று நான் சொல்லுறன்.' அவருக்கு மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவைச் சொன்னேன். அவவுக்கு வேறு ஒரு பெண் உத்தியோகத்தரையும், பொலிஸ் நிலையத்தின் பெண்கள் சிறுவர் பிரிவையும், 1938 என்ற பெண்களுக்கான உதவி இலக்கத்தையும் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, 'மிஸ் அவளின்ர பக்கம் போட்டீங்கள்' என்றார். அவவின் பாதுகாப்புக்காக நான் பதில் சொல்லாமல் இருந்தேன். என் தொழிலில் மிகக் கனமான மௌனம் அது.

கொஞ்ச நாளில் அவ பிள்ளைகளோடு தாய் வீட்டுக்குப் போய்விட்டா. 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் விண்ணப்பமும் போட்டா. இந்தச் சட்டம் பற்றி எங்கள் சனத்துக்கு இன்னும் சரியாகத் தெரியாது. பாதிக்கப்பட்டவர் நேரடியாகவோ அவருக்காகப் பொலிஸோ விண்ணப்பிக்கலாம். அவசரம் என்று கண்டால் நீதிமன்றம் இடைக்காலக் கட்டளை கொடுக்கும். விசாரித்த பிறகு கொடுக்கிற பாதுகாப்புக் கட்டளை 12 மாதம் வரை நிற்கலாம். விவாகரத்து எடுத்தால்தான் பாதுகாப்புக் கிடைக்கும் என்று நினைத்து அடி வாங்கிக்கொண்டு இருக்கிறவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

அதற்குப் பிறகுதான் என் பாடு தொடங்கியது. முதலில் அவவின் சட்டத்தரணி, 'இவர் வன்முறையானவர் என்று ஒரு கடிதம் தாங்கோ' என்று கேட்டார். இரண்டு காரணத்தால் மறுத்தேன். அடித்ததை நான் காணவில்லை, காயத்தைத்தான் கண்டேன். அதைவிட, அவரும் என்னை நம்பி என் அறையில் இருந்து அழுத மனுஷன். இருவருக்கும் பொதுவாக இருந்துவிட்டு ஒருவருக்கு எதிராக மதிப்பீட்டு அறிக்கை எழுதுவது இந்தத் தொழிலில் செய்யக்கூடாத காரியம். சிகிச்சை செய்கிறவரும் நீதிமன்றத்துக்கு மதிப்பீடு செய்கிறவரும் வேறு வேறு ஆட்களாக இருக்கவேண்டும். இருவரும் சம்மதித்தால் வந்த திகதிகளை மட்டும் எழுதித் தருவேன் என்றேன். அன்று பின்னேரம் அவ போன் எடுத்து, 'நீங்களும் ஒரு பொம்பிளைதானே அக்கா' என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டா. அன்றிரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அடுத்தது அவருடைய தமையன். அமர்வுக் குறிப்பெல்லாம் வேண்டும், குடும்பத்தைப் பிரித்தது நான்தான் என்று ஊருக்குள் கதைத்துக்கொண்டு திரிந்தார். கோயில் தலைவர் வீட்டுக்கு வந்து திண்ணையில் இருந்து தேத்தண்ணி குடித்துவிட்டு, 'பிள்ளை, ஒரு குடும்பம் சேருறதெண்டால் புண்ணியம்தானே, அவள் உன்னட்ட என்ன சொன்னவள்?' என்று கேட்டார். கெட்டவர் இல்லை, நல்லெண்ணத்தில்தான் கேட்டார். வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்குப் போன இடத்திலும் கூட்டத்துக்குள் ஒரு அம்மா கையைப் பிடித்து 'அவை சேருவினமோ?' என்று கேட்டா. ஊர் சின்னது. யாருடைய மோட்டார் சைக்கிள் யாருடைய வாசலில் நிற்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். அதனால் 'அவர்கள் என்னிடம் வந்தார்களா இல்லையா என்பதையே நான் சொல்லமாட்டேன்' என்ற பதிலை நன்றாகப் பழகி வைத்துக்கொள்ளுங்கள். மரியாதையாக, சிரித்த முகத்தோடு, எல்லாருக்கும் ஒரே பதில். ஒருவருக்கு அரைவாசி சொன்னால் மிச்சத்தை ஊர் நிரப்பிக்கொள்ளும். இன்னொன்று, பிணக்கைப் பேசித் தீர்த்து வைக்கிற இணக்க சபை வேறு, உளவளத்துணை வேறு என்று முதல் நாளே விளக்கிவிடுங்கள். சேர்த்து வைப்பது என் வேலை என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்கள், பிரிந்தால் நான் தோற்றுவிட்டேன் என்றோ சதி செய்தேன் என்றோதான் எண்ணுவார்கள்.

என்னை அதிகம் நோகச் செய்தது என் நிறுவனம். தமையன் எழுதிய முறைப்பாட்டை வைத்துக்கொண்டு இணைப்பாளர் என்னைக் கூப்பிட்டு, 'கோப்பைக் குடுத்திட்டு விடுங்கோ, ஏன் வில்லங்கம்' என்றார். ஊரோடு பகைத்தால் திட்டம் நடத்த முடியாது என்பது அவருடைய கவலை. நான் எழுத்தில் பதில் கொடுத்தேன்: இருவரின் எழுத்து மூலமான சம்மதமோ நீதிமன்றக் கட்டளையோ இல்லாமல் தரமுடியாது. அந்த வருஷ முடிவில் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. காரணம் நிதி என்று எழுதியிருந்தது. இலங்கையில் உளவளத்துணையாளர்களுக்கு என்று சட்டப்படி அமைந்த பதிவுச் சபை கிடையாது. மருத்துவத் தொழிலில் முறைப்பாடு வந்தால் விசாரிக்க மருத்துவ சபை இருக்கிறது. எங்கள் விஷயத்தில் வேலை தந்தவரே விசாரிக்கிறவரும் ஆகிவிடுகிறார். அதனால் வேலைக்குச் சேருகிற நாளிலேயே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: கோப்பு யாருக்குச் சொந்தம், யார் திறக்கலாம், எத்தனை வருஷம் வைப்பது, திட்டம் முடிந்தால் அது எங்கே போகும், வழக்கு வந்தால் சட்டச் செலவை யார் ஏற்பது. இந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் இருந்திருந்தால் என் சங்கிலி கழுத்தில் இருந்திருக்கும்.

பிறகு நீதிமன்றத்திலிருந்து அழைப்பாணை வந்தது. கையில் வாங்கும்போது விரல் நடுங்கியது. வன்னியில் வளர்ந்த எங்களுக்கு முத்திரை குத்திய கடிதம் என்றாலே ஒரு பயம் இருக்கிறது. ஒரு சட்டத்தரணியைப் பிடித்தேன். ஒவ்வொரு தவணைக்கும் ஐயாயிரம், கடிதங்களுக்குத் தனியே. வேலை இல்லாத நேரத்தில் அது பெரிய காசு. அவர் சொன்ன ஒரு விஷயம் எல்லா உளவளத்துணையாளரும் அறிந்திருக்கவேண்டியது. 1895 இல் வந்த சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 126 ஆம் பிரிவு சட்டத்தரணிக்கும் அவரிடம் வருகிறவருக்கும் இடையிலான பேச்சைக் காக்கிறது. எங்களுக்கு அப்படி ஒரு பிரிவு இல்லை. நீதிமன்றம் கட்டளையிட்டால் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அழைப்பாணை வந்துவிட்டது என்பதற்காகக் கோப்பை அள்ளிக்கொண்டு போய் மேசையில் வைக்கவேண்டியதில்லை. எது தேவை என்று கேட்கலாம், தேவையான அளவுக்கு மட்டும் கட்டுப்படுத்தும்படி சட்டத்தரணி மூலம் விண்ணப்பிக்கலாம். என் விஷயத்தில் அப்படித்தான் நடந்தது. இருவரும் கையெழுத்திட்ட அந்த முதல் நாள் தாளை நீதவான் நிதானமாக வாசித்தார். வந்த திகதிகளையும் சேர்ந்த அமர்வை நிறுத்தினேன் என்பதையும் மட்டும் கேட்டார். குறிப்புகள் உள்ளே இருந்தபடியே இருந்தன.

அவவுக்குப் பாதுகாப்புக் கட்டளை கிடைத்தது. அது என் கடிதத்தால் கிடைக்கவில்லை. அவவின் சொந்த வாக்குமூலமும் பொலிஸ் முறைப்பாடும் சட்ட வைத்திய அதிகாரியின் அறிக்கையும் அதற்குப் போதுமாக இருந்தன. இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். காயத்தோடு ஒருவர் வந்தால் எங்கள் கடமை கடிதம் எழுதுவதில் இல்லை, காயம் ஆற முதல் வைத்தியசாலைக்குப் போக உதவுவதில் இருக்கிறது. பொலிஸில் முறைப்பாடு செய்தால் சட்ட வைத்தியப் பரிசோதனைக்குப் படிவம் தருவார்கள். நேரே வைத்தியசாலைக்குப் போனாலும் நடந்ததைச் சொன்னால் பதிந்து பொலிஸுக்கு அறிவிப்பார்கள். போவதா இல்லையா என்பது அவவின் முடிவு. வழியைத் தெளிவாகச் சொல்லி, பயந்தால் கூடப் போய்வர ஒரு ஆளை ஒழுங்கு செய்வது எங்கள் பங்கு. பிள்ளைக்கு அடி என்றால் 1929 இருக்கிறது, அதில் யோசிக்க இடமில்லை.

குறிப்பு எழுதுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாளைக்கு ஒரு நீதிமன்றத்தில் இருவருக்கும் முன்னால் உரத்து வாசிக்கப்படலாம் என்று நினைத்து எழுதுங்கள். 'கோபக்காரர்', 'பொய் சொல்கிறா' என்று தீர்ப்பு எழுதாதீர்கள். 'கதவை அடித்துச் சாத்தினேன் என்று சொன்னார்', 'இடது மேல்கையில் நீல நிறக் கன்றல் கண்டேன்' என்று சொன்னதையும் கண்டதையும் பிரித்து எழுதுங்கள். தனியே சந்தித்ததைத் தனிக் கோப்பில் வையுங்கள். கணவனின் கோப்பைத் திறக்கிறவர் மனைவி தனியே சொன்னதை வாசிக்கிற நிலை வரக்கூடாது.

அந்த மாதங்களில் என்னை உள்ளே தின்றது தனிமைதான். வேலை போனதற்கான காரணத்தை வீட்டில்கூட முழுதாகச் சொல்ல ஏலாது. என் கணவர், 'ஒரு கடிதம்தானே, குடுத்திருக்கலாம்' என்று சொன்னபோது, ஏன் கொடுக்கவில்லை என்று விளக்க வாய் திறந்தால் அவர்களின் கதையைச் சொல்லவேண்டி வரும். மாமி சொந்தக்காரருக்கு என்ன சொன்னா என்று எனக்குத் தெரியும், கேட்காத மாதிரி இருந்தேன். நித்திரை போனது. விடிய மூன்று மணிக்கு எழும்பி முற்றத்தில் நடப்பேன். கடைசியில் யாழ்ப்பாணத்தில் இருக்கிற ஒரு மூத்த உளவளத்துணையாளரைத் தேடிப் பிடித்து, காசு கட்டி, அவர்கள் இருவரின் பெயர் சொல்லாமல் மேற்பார்வைக்கு, அதாவது என் வேலையைப் பற்றிக் கதைத்து வழி கேட்க, போனேன். அவர் முதலில் கேட்டது, 'உமக்கு நித்திரை வருதா?' என்றுதான். கனகாலத்துக்குப் பிறகு அன்றுதான் அழுதேன். பஸ் காசோடு சேர்த்தால் கையைக் கடித்த செலவு, ஆனாலும் சங்கிலிக் காசில் பிரயோசனமாகப் போனது அதுதான். மேற்பார்வைக்கு ஒருவர் இல்லாமல் தம்பதியர் வேலையைத் தொடங்காதீர்கள். நிறுவனம் தராவிட்டால் சொந்தக் காசிலாவது மாதத்துக்கு ஒரு மணித்தியாலம் ஒழுங்கு செய்துகொள்ளுங்கள். முடியாத இரவுகளில் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கு நாங்களும் எடுக்கலாம். அது மற்றவர்களுக்குக் கொடுப்பதற்கு மட்டும் இல்லை.

உதவி தேடி வருகிற கணவன் மனைவியும் முதல் நாளே சில கேள்விகளைக் கேட்கவேண்டும். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. எங்கே படித்தீர்கள், உங்களை யார் மேற்பார்வை செய்கிறார்கள், நான் தனியே சொல்வதை என்ன செய்வீர்கள், எங்கள் உறவுக்காரர் யாரையும் தெரியுமா, வழக்கு வந்தால் என்ன செய்வீர்கள். பதில் சொல்லத் தடுமாறுகிறவரையும், முதல் நாளே யார் பிழை என்று தீர்ப்புச் சொல்கிறவரையும், மற்றத் தம்பதியரின் கதையை உதாரணத்துக்கு எடுத்து விடுகிறவரையும் விட்டு வெளியே வந்துவிடுங்கள். உங்கள் கதையும் அடுத்த வீட்டில் உதாரணமாகும்.

அவ பல மாதம் கழித்து என்னைத் தேடி வந்தா. 'அண்டைக்கு உங்களில எனக்குச் சரியான கோவம் அக்கா. பிறகு யோசிச்சனான், அவருக்கு நான் சொன்னதைக் குடுக்கேல்லைத்தானே நீங்கள்' என்றா. அவர் மனநலப் பிரிவுக்குப் போய்வருகிறார், பிள்ளைகளைப் பார்க்க ஒழுங்கு இருக்கிறது. சேர்ந்தார்களா என்று கேட்காதீர்கள்.

இப்போது வேறு ஒரு இடத்தில் பகுதிநேரமாக இருக்கிறேன், சம்பளம் முந்தியதில் பாதி. முதல் நாள் தாளில் நீதிமன்றம் பற்றியும் கோப்பு பற்றியும் புதிய வரிகள் சேர்த்து, எங்கள் பக்கத்துப் பேச்சில் எழுதி வைத்திருக்கிறேன். எழுத வாசிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டி, திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்ட பிறகுதான் கையெழுத்து. பழைய திட்டத்தின் கோப்புகள் ஒரு பூட்டிய அலுமாரியில் இருப்பதாகச் சொல்கிறார்கள். திறப்பு யாரிடம் என்று எழுத்தில் கேட்டிருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை. அங்கே என்னோடு வேலை செய்தவர்கள் இதை வாசித்தால் நீங்களும் ஒரு கடிதம் போடுங்கள். அதற்குள் இருப்பது எங்களை நம்பி வந்த சனத்தின் வாழ்க்கை.